செவ்வாய்க்கிழமைக் கால்

பார்த்திபன் விழுப்புரத்தை விட்டுக் கிளம்ப இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணி. புதன்கிழமை பிற்பகல் மூன்றுக்கு அவனுக்கு ரயில். சென்னை, பிறகு விமானம், பிறகு பின்லாந்தில் வேலை. சங்கவி உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. மனசு அதுபாட்டுக்குப் போட்டு வைத்திருந்தது.

போன் அடித்தது. அவன்தான்.

“சங்கவி, ஒரு பேஜாரு. உங்க காலு சரியில்ல.”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. இடது சுண்டுவிரல் நகத்தில் பழைய மருதாணி கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“என்னாச்சு?” என்றாள்.

“செவ்வாய்க்கிழமைல மட்டும் ரெண்டு டிகிரி கம்மியா காட்டுது. பதினாலு மாசமும் ஒண்ணா சேத்து இன்னிக்குத்தான் வரைஞ்சு பாத்தேன். வாரா வாரம் ஒரு பள்ளம். கேமராவுல ஏதோ கோளாறு.”

“என் காலு எதுக்கு அதுல?”

“என்னாங்க இப்பிடி கேக்கறீங்க? தெனமும் மொதல் படம் உங்க காலுதானே. நல்லா இருக்கற காலு, தெனம் ஒரே காலு. அதை வெச்சுத்தான் கேமரா அன்னிக்கு சரியா பாக்குதான்னு நான் முடிவு பண்றேன். என் அளவுகோலே அதுதான்.”

அது அவளுக்குத் தெரியாது. முதல் படம் சும்மா ஒரு சோதனைப் படம் என்றுதான் நினைத்திருந்தாள்.

“நாளைக்கு சாயங்காலம் எல்லாத்தையும் ஒப்படைக்கணும்,” என்றான். “ஏன் குறையுதுன்னு தெரியாத படத்தை உள்ள வெச்சுக் குடுத்துட்டுப் போக முடியாது. செவ்வாய்க்கிழமை படம் எல்லாத்தையும் எடுத்துடறேன்.”

“அப்ப ஒத்தைக் கால்காரங்க?”

 அவன் பக்கம், கீழே ஸ்டேஷனரி கடையில் யாரோ ஜெராக்ஸ் கேட்கும் சத்தம் போனில் கேட்டது. விழுப்புரத்தில் அந்தக் கடை மாடிதான் அவர்கள் கம்பெனி. மொத்தம் மூன்று பேர்.

“அவங்க எல்லாருமே செவ்வாய்க்கிழமைல வந்தவங்கதானே,” என்றான். “அந்தப் பகுதியே இருக்காது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது.”

திண்டிவனத்தில் ஒரு சர்க்கரை நோய் டாக்டரின் கிளினிக்கில் பின்னறைதான் சங்கவியின் இடம். ஒரு வெப்பக் கேமரா, ஒரு லேப்டாப், ரெக்சின் தைத்த ஒரு கட்டில், கால் வைக்க ஒரு ஸ்டூல். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவளுக்கு இந்த அறை கிடைத்ததே பெரிது. வருகிறவர்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை. காலோடு மட்டும் வேலை.

சர்க்கரை முற்றினால் கால் மரத்துப் போகும். முள் ஏறினாலும் தெரியாது, கரி சுட்டாலும் தெரியாது. ஆனால் தோலுக்கு அடியில் புண் கிளம்புகிற இடம், வெளியே ஒன்றும் தெரியாத நாளிலேயே சுட ஆரம்பித்துவிடும். கைக்குப் பிடிபடாத சூடு. கேமராவில் மட்டும் அது மஞ்சளாகத் தெரியும். சங்கவி படம் எடுப்பாள், காலின் ஓரத்தை மவுஸால் வரைவாள். எந்தக் கால் பிறகு புண்ணானது, எது ஆகவில்லை என்று டாக்டர் சொல்வார். பார்த்திபன் அதையெல்லாம் மிஷினுக்குக் காட்டுவான். மிஷின் கற்றுக்கொள்வது என்றால் அவ்வளவுதான். ஆயிரம் காலைக் காட்டி, இது ஆகும், இது ஆகாது என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பது. ஒரு நாள் அதுவே சொல்ல ஆரம்பித்துவிடும்.

இரண்டு கால் இருக்கிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. இடதையும் வலதையும் பக்கத்தில் வைத்து, எது அதிகம் சுடுகிறது என்று பார்த்தால் போதும். கேமரா கொஞ்சம் கூடக் குறையக் காட்டினாலும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் காட்டும். ஒரு காலை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு ஜோடி கிடையாது. இருக்கிற ஒன்றின் சூடு சரியாகத் தெரிய வேண்டும். கேமராவை அப்படியே நம்பியாக வேண்டும். செயற்கைக்கால் அளவெடுக்கிற ஆள் கிளினிக்குக்குச் செவ்வாய்க்கிழமைதான் வருவார். ஆகவே அவர்களும் செவ்வாய்க்கிழமைதான் வந்தார்கள். பார்த்திபனும் செவ்வாய்க்கிழமைதான் வருவான்.

முதல் செவ்வாய்க்கிழமை வந்தவள் கெங்கம்மாள். முகையூர்ப் பக்கம், சந்தையில் காய் விற்கிறவள். ஐம்பது வயது, குரலும் சந்தைக்குரல். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். குழாயடியில் காலை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கேமராவைப் பார்த்ததும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஒரு ஆளு மூஞ்சிக்கு நேரா உள்ளங்காலை நீட்டறதா? என்னால ஆவாது.”

“எதிர்ல கேமராதாம்மா இருக்குது,” என்றாள் சங்கவி.

“அதுக்குப் பின்னால அந்தத் தம்பி நிக்குதே. அதுக்குக் கண்ணு இல்லையா?” கெங்கம்மாள் யோசித்தாள். “ஒண்ணு பண்ணு. மொதல்ல நீ நீட்டு. நான் பாக்கறேன். அப்பறம் நான் நீட்டறேன். பாவம் ரெண்டு பேருக்கும் சமமாப் போவட்டும்.”

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று முகத்திலேயே தெரிந்தது. சங்கவி செருப்பைக் கழற்றி, ஸ்டூலில் காலை நீட்டினாள். கேமராவுக்குப் பின்னால் பார்த்திபன் நின்றுகொண்டிருந்தான். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்து ஆள். வெயிலில் காய்ந்த முகம், நிதானமான கண். தரையின் குளிர்ச்சியோ கழுவின ஈரமோ போக, படம் எடுக்கும் முன் பத்து நிமிஷம் கால் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் அவள் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தாள். அது நகரவே இல்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் கால் சங்கவியுடையது. மற்ற நாளில் நர்ஸ் அமலா அக்கா பட்டனை அமுக்குவாள். செவ்வாய்க்கிழமை அவன்.

பள்ளம் ஏன் விழுந்தது என்று அவளுக்குத் தெரியும். போனில் அவன் சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து, கட்டிலில் கையை ஊன்றி எழுந்து, “வர்றேங்க” என்று ரயிலுக்குக் கிளம்பினான். கேமரா அணைக்காமல் இருந்தது. லேப்டாப் திரையில், கட்டிலின் நீலத்தில் மஞ்சளாக ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக. அவன் கை வைத்த இடத்தின் சூடு ரெக்சினில் அப்படியே நின்றிருந்தது. ஓரத்திலிருந்து மெல்லக் கரைந்துகொண்டும் இருந்தது. சங்கவி அதன் பக்கத்தில் தன் கையை வைத்தாள். பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தாள். திரையில் அவன் கை மட்டும் இருந்தது. அவளுடையது பதியவே இல்லை. அவள் கை ரெக்சின் அளவுக்கே குளிர்ந்திருந்தது.

பிறகு தன் படங்களை எடுத்துப் பார்த்தாள். புதன்கிழமைக் கால் முழுசாக இருந்தது. செவ்வாய்க்கிழமைக் காலில் விரல்களைக் காணோம். நீலத்தோடு நீலமாகப் போயிருந்தன. காரணம் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. படபடப்பு வந்தால் ரத்தம் விரல்களை விட்டு உள்வாங்கும், உள்ளங்கால் வேர்க்கும், வேர்த்த இடம் குளிரும். அவ்வளவுதான். பேர் வைக்கப்படாத ஒரு விஷயத்துக்கு இரண்டு டிகிரி என்று அளவு கிடைத்துவிட்டது.

அதில் அவளுக்கு ஒரு ஓரத்தில் வருத்தமும் உண்டு. அவன் நேரில் பார்த்ததெல்லாம் விரல் இல்லாத காலைத்தான். அவளுக்கு முழுசாக ஒரு கால் இருக்கிறது என்பது அவன் இல்லாத நாளில்தான் கேமராவுக்கே தெரிந்தது.

இப்போது அவன் போகிறான், செவ்வாய்க்கிழமைகளையும் தூக்கிப் போட்டுவிட்டு.

மதியம் ஒரு வழி செய்து பார்த்தாள். எவர்சில்வர் சொம்பில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்தாள். சொம்பு பளபளத்தால் கேமரா ஏமாறும். அதனால் வெளியே கறுப்பு டேப் சுற்றினாள். தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, கேமராவில் பார்த்தாள். இரண்டும் ஒரே எண். மூன்று தடவை செய்தாள். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினாள். ‘கேமரா சரியாக இருக்கிறது.’

உடனே கூப்பிட்டான். குரலில் சிரிப்பு இருந்தது. “டேப் சுத்தினீங்க பாருங்க, சூப்பருங்க. ஆனா இன்னிக்கு திங்கக்கிழமை. போன செவ்வாய்க்கிழமைங்களுக்குள்ள போயி சொம்பு வைக்க முடியாதே. அன்னிக்கு மட்டும் அந்த ரூம்ல வேற என்னா நடக்குது? யோசிச்சு சொல்லுங்க. ஜெனரேட்டர் ஓடுதா? கூட்டமா?”

“தெரியல,” என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அமலா அக்கா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“தெரியலையாம். எனக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு நெனைச்சிக்கினு இருக்கியாடி?”

“என்னாக்கா?”

“ஒண்ணுமில்ல. ஏன், ஒரு சாக்கு சொல்லேன். செவ்வாக்கிழமை விரதம், தலைக்கு ஊத்திக்கினு ஈரக்காலோட வர்றேன்னு. முடிஞ்சுது கதை.”

சங்கவிக்கு ஒரு நிமிஷம் அது நன்றாகத்தான் பட்டது. பிறகு தலையை ஆட்டினாள். “ஒரு செவ்வாய்க்கிழமை குறையவே இல்லக்கா. ஒரு வியாழக்கிழமை குறைஞ்சிருக்கு. அவரு தேதி பாப்பாரு. அதுவும் இல்லாம பொய்யைச் சொன்னா மிஷினு அதையும் சேத்துக் கத்துக்கும்.”

“அப்ப நெஜத்தைச் சொல்லு.”

சங்கவி சொம்பில் சுற்றின டேப்பை உரிக்க ஆரம்பித்தாள்.

“நீ ஒண்ணு யோசி,” என்றாள் அமலா அக்கா. “இந்தப் படமெல்லாம் நெட்டுலயே அனுப்பிடறே இல்ல? அப்பறம் எதுக்கு அந்த ஆளு வாரா வாரம் ட்ரெய்ன் ஏறி வர்றாரு? திண்டிவனத்துல அப்பிடி என்னா இருக்குது பாக்கறதுக்கு?”

அதை சங்கவியும் யோசித்தது உண்டு. யோசித்து, பாதியில் நிறுத்தியது உண்டு. பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியில் அன்று மறுபடியும் யோசித்தாள். பார்த்திபன் வந்தால் கேமராவைத் துடைப்பான், கேபிளைச் சரிபார்ப்பான், அவள் வரைந்த ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து “நல்லா வரையறீங்க” என்பான். அதை அவன் விழுப்புரத்தில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம்தான். ஆனால் வேலையில் ஒழுங்கானவன். ஒழுங்கானவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். அவள் அவனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சார் என்றால் முகம் சுளிப்பான். பேர் சொல்ல அவளுக்கு வாய் வராது. பதினாலு மாசம் பேரில்லாமலே பேசியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. கெட்ட யோசனை. அது அப்போது தெரியவில்லை.

இன்றைக்கு அவன் எதிரிலேயே அவள் கால் சரியாகக் காட்டிவிட்டால்? செவ்வாய்க்கிழமையிலும் கேமரா சரி என்று ஆகிவிடும். பழையதற்கு அவனே ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொள்வான். அமலா அக்கா கெட்டிலில் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு, சங்கவி காலை உள்ளே விட்டாள். சுரீர் என்றது. விடாமல் வைத்திருந்தாள். வாசலில் அவன் குரல் கேட்டதும் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, டப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அவன் கையில் ஒரு அட்டைப்பெட்டி மைசூர்பாகு. “எல்லாருக்கும்,” என்றான். புதுச் சட்டை, மடிப்பு அப்படியே இருந்தது. கெங்கம்மாள் ஏற்கெனவே வந்து, கழுவின காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“தம்பி ஐஸ் நாட்டுக்குப் போவுதாமே?”

“ஆமாங்க.”

“ஸ்வெட்டரு வாங்கிக்கினியா? அங்க மூக்கெல்லாம் ஒடைஞ்சு விழுமாம்.”

“வாங்கிக்கினேன்,” என்று சிரித்தான். பிறகு சங்கவியைப் பார்த்தான். “கடைசியா ஒரு தடவை பாத்துடலாமா?”

கடைசியா என்ற வார்த்தையை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் காலை நீட்டினாள். அவன் இன்று பத்து நிமிஷம் காத்திருக்கவில்லை. நாற்பது பேர் வெளியே இருந்தார்கள். பட்டனை அமுக்கினான். திரையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

“ரெண்டு டிகிரி ஜாஸ்தி.”

சங்கவி ஸ்டூலிலிருந்து காலை எடுத்தாள்.

“இத்தனை நாளா கம்மி. இன்னிக்கு ஜாஸ்தி. அப்ப இது நம்பவே முடியாத கேமரா.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.  பிறகு கெங்கம்மாள் பக்கம் திரும்பினான். “அம்மா, இன்னிக்கு உங்களுக்குப் படம் வேணாங்க. ஒத்தைக் காலுக்கு இந்த மிஷினை வெக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்.”

“ஏன்?”

“சரியா சொல்லாது. தப்பா சொல்லிட்டா உங்களுக்குத்தான் ஆபத்து.”

கெங்கம்மாள் தன் வலது காலைப் பார்த்தாள். கழுவின ஈரம் கணுக்காலில் இன்னும் இருந்தது.

“ரெண்டு இருக்கறவங்களுக்கு ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்,” என்றாள். சந்தைக்குரல் இறங்கியிருந்தது. “எனக்கு இருக்கறதே இது ஒண்ணு. முள்ளு ஏறனாலும் எனக்குத் தெரியாது. இத்தினி நாளு இந்தப் பொண்ணு பாத்துச் சொல்லிச்சு, நானும் தைரியமா நடந்தேன். இனிமே யாரு சொல்லுவா?”

பார்த்திபன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். செவ்வாய்க்கிழமைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தான். மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. டிக். டிக்.

“எடுக்காதீங்க,” என்றாள் சங்கவி.

அவன் நிமிர்ந்தான்.

“கேமரா சரியாத்தான் இருக்குது.”

“அப்ப இன்னிக்கு?”

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பை இழுத்தாள். தண்ணீரிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்தது. “சுடுதண்ணில காலை வெச்சேன்.”

“எதுக்குங்க?”

“ஆடி மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை சரியா இருக்கும். பாருங்க.”

அவன் தேடினான். “ஆமா. இருக்குது. இது ஒண்ணு மட்டும்.”

“அன்னிக்கு உங்களுக்கு ஜுரம். நீங்க வரல.”

அவன் கை மவுஸ் மேலேயே நின்றது.

“கார்த்திகையில ஒரு வியாழக்கிழமை கொறைஞ்சிருக்கும். அன்னிக்கு கேமரா ஸ்டாண்டு எடுத்துக்கினு போக நீங்க சொல்லாம வந்தீங்க.”

அதையும் தேடினான். நெற்றியைச் சுருக்கினான். “அப்ப என்னாலதான்,” என்றான் மெதுவாக. “நான் கிட்டக்க நிக்கறதால… என் உடம்பு சூடு கேமராவுல பட்டு… இல்லையே. அப்பிடின்னா கூடத்தானே காட்டணும்?”

கதவருகில் அமலா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“கேமராவுல இல்லீங்க,” என்றாள் சங்கவி. காலை மறுபடியும் ஸ்டூலில் நீட்டினாள். சுடுதண்ணீரின் சிவப்பு போய்விட்டிருந்தது. “போட்டுப் பாருங்க. படம் எடுக்க வேணாம். சும்மா பாத்துக்கினே இருங்க.”

அவன் கேமராவைத் திருப்பினான். திரையில் அவள் கால் இரண்டும் மஞ்சளாக வந்தன, விரல்களெல்லாம் இருந்தன. பத்து விரலையும் நேரில் அவன் பார்த்தது அன்றைக்குத்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல்கள் மங்கின. பிறகு அடுத்தவை. மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகி, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பெருவிரல் இரண்டும்தான் மிச்சம்.

“என்னாங்க இது?” என்றான். 

கெங்கம்மாள் புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னால் சாய்ந்து திரையைப் பார்த்தாள். பிறகு சங்கவி முகத்தைப் பார்த்தாள்.

“மொதல்ல நீ சொல்லிடு, பாப்பா,” என்றாள். “அப்பறம் நான் காலை நீட்டறேன்.”

சங்கவி சுவரைப் பார்த்தாள். பல்லி இல்லை. அவனைப் பார்த்தாள்.

“நீங்க எதிர்ல இருந்தா எனக்குக் காலெல்லாம் ஜில்லுனு ஆயிடுது, பார்த்திபன்.”